சிவப்பு வெளிச்சத்து மாப்பிள்ளை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் பிணம் கிடையாது. கத்தி, துப்பாக்கி, கறுப்புக் கண்ணாடி போட்ட கடத்தல்காரன் யாரும் கிடையாது. ஒரே ஒரு கல்யாணம்தான் சாகக் கிடந்தது. அதைப் பிழைக்க வைக்க எங்களுக்குக் கிடைத்தது ஒரு சனிக்கிழமைப் பகல்.

'நாச்சியார் துப்பறியும் நிலையம்' தென்காசி கோயில் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது. நாச்சியார் அக்காதான் முதலாளி, மூளை, வாய் எல்லாம். நான் உவைஸ். உதவியாளன். துபாயில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன். போகும்போது தலை நிறைய முடியும் காலிப் பெட்டியும் கொண்டு போனேன். வரும்போது பெட்டி நிறைந்திருந்தது, தலை காலி. என் வாப்பாவுக்கும் இதே வயதில்தான் போனது. அவருடைய வாப்பாவுக்கும் அப்படித்தானாம். எங்கள் குடும்பத்தில் வம்பு வழக்கு இல்லாமல் கைமாறிய ஒரே சொத்து இதுதான்.

எங்கள் தொழிலில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிப்பு. குடிப்பானா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா என்று பார்த்துச் சொல்லுவோம். ஆனால் அன்று காலையில் சாரலில் நனைந்துகொண்டு படியேறி வந்த ஸ்ரீமதி கொண்டு வந்தது வேறு மாதிரி.

"அக்கா, எனக்கு வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். எங்கம்மா இன்னைக்குச் சாயங்காலம் அதை நிறுத்தப் போறா."

நாச்சியார் அக்கா ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அக்காவுக்கு சிப்ஸ் இல்லாமல் யோசனை ஓடாது. "மாப்பிள்ளை என்ன செஞ்சான்?"

"ரூமுக்குள்ள சிவப்பு லைட்டு போடுதாராம்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பச்சைன்னா போயிரலாம். சிவப்புன்னா கல்யாணம் நிக்கத்தான செய்யும்?" என்றேன்.

"ஏலே, நீ வாயை மூடு. நீ சொல்லும்மா."

விஷயம் இதுதான். மாப்பிள்ளை பெயர் குற்றாலீஸ்வரன். ஆய்க்குடியில் மாட்டு டாக்டர். குத்துக்கல்வலசையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறான். எதிர் வீட்டில் இருக்கிற ஞானபாக்கியம், ஸ்ரீமதியின் அம்மா முத்துவடிவுக்குப் பழைய சிநேகிதி. அந்த அம்மாள் போன் போட்டு, மத்தியான வேளையில் மாப்பிள்ளை அறையில் செக்கச் செவேல் என்று வெளிச்சம் எரிகிறது, மணி அடிக்கிறது, இது கண்டிப்பாக மாந்திரீகம் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சீசனுக்குக் குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். சாயங்காலம் ரெண்டு குடும்பமும் அங்கே கூடும்போது முகத்துக்கு நேரே சொல்லி முறித்துவிடுவது என்று முத்துவடிவு முடிவு கட்டிவிட்டாள்.

"நீ அவர்ட்ட கேட்டியா?" என்றார் அக்கா.

"கேட்டேன். 'அது என் விஷயம் இல்ல ஸ்ரீ, சொல்ல முடியாது, என்னை நம்பு'ங்காரு."

"உங்கப்பா என்ன சொல்லுதாரு?"

"அவரா? குரங்குக் குல்லாவைக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, 'பாவம்ட்டி அந்தப் பையன்'னு சொல்லிட்டுக் கோயிலுக்குப் போயிட்டாரு. கரண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆனதுல இருந்து எப்பவும் கோயில்தான்."

"உனக்கு அந்தப் பையன் வேணுமா?"

ஸ்ரீமதியின் கண் நிறைந்துவிட்டது. "வேணும்க்கா. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்க நாய் காதைச் சொறிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. முதல்ல அதைப் பிடிச்சு மருந்து போட்டுட்டு, பெறவுதான் என்னைப் பாத்தாரு. அன்னைக்கே எனக்குப் பிடிச்சுப் போச்சு."

அக்கா குடையை எடுத்தார். அவர் குடையை எடுத்தால் கேஸை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

*

குத்துக்கல்வலசையில் ஞானபாக்கியம் வீட்டு பால்கனிக்கும் மாப்பிள்ளை அறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான் மறைப்பு. அதிலும் நடுக்கிளை ஒன்றை வெட்டியிருந்தார்கள்.

"அடுத்தவங்க வீட்டை எட்டிப் பாக்குற பழக்கம்லாம் எனக்குக் கிடையாது," என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் எங்களுக்கு நாற்காலி போட்டாள். போட்ட இடத்திலிருந்து ஜன்னல் நேர் எதிரே தெரிந்தது. தரையில் நாற்காலிக் கால் தடம் பதிந்திருந்தது.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானம். இந்தப் புதன்கிழமை கூட நடந்துச்சு. திரையை இழுத்து விடுதான். உள்ள சிவப்பா வெளிச்சம் வருது. கொஞ்ச நேரம் ஆடாம அசையாம அப்படியே நிக்கும். பெறவு கிணிங்னு ஒரு மணிச் சத்தம். வெளிச்சம் அணைஞ்சிரும். பூசை முடிஞ்சிட்டுன்னு அர்த்தம்லா! இது மலைக்கு அந்தப் பக்கத்து மலையாள மாந்திரீகம். எனக்குத் தெரியாதா?"

"ஆளைப் பாத்தீங்களா?" என்றார் அக்கா.

"திரை போட்டா எப்படிம்மா பாக்க? மாடிப்படி வேற பின்பக்கம் இருக்கு. பயல் பயங்கரக் கள்ளன். பூசை நாள்ல பைக்கைக் கூட வாசல்ல நிறுத்த மாட்டான். எங்கயோ கொண்டு ஒளிச்சு வச்சிருதான்."

அக்கா சிப்ஸ் மெல்லுவதை நிறுத்தினார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் கண்டுகொள்ளவில்லை. என் கண் பால்கனி மூலையில் இருந்த வெங்காயத்தின் மேல் போயிருந்தது. வெங்காயத்தின் மேல் இல்லை, அதைப் போட்டு வைத்திருந்த பளபளப்பான அட்டைப் பெட்டியின் மேல். பெட்டியில் ஒரு வெள்ளைக்காரன் ஹெல்மெட் மாதிரி எதையோ தலையில் கவிழ்த்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பெட்டி ஏது ஆன்ட்டி?"

"அந்த மாடியில இருந்துதான் குப்பையில போட்டாங்க. நல்ல கெட்டி அட்டை. வெங்காயம் போட்டுக்கிட்டேன்."

அக்காவை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

"அக்கா, மாந்திரீகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது லேசர் தொப்பி! உள்பக்கம் பூரா குட்டி குட்டியா சிவப்பு லைட்டு. பரம்பரையா முடி கொட்டுதவங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாட்டிக்கிட்டு உக்காரணும். அந்த வெளிச்சம் போயி முடி வேரோட கதவைத் தட்டுமாம். நேரம் முடிஞ்சா அதுவே மணி அடிச்சு அணைஞ்சிரும்."

"உனக்கு எப்படிலே தெரியும்?"

"துபாயில ஒரு தோல் டாக்டர்ட்ட எனக்கும் வேணும்னு கேட்டேன். என் தலையை அப்படி இப்படித் திருப்பிப் பாத்துட்டு, 'கதவைத் தட்டலாம் தம்பி, ஆனா வீட்டுல ஆள் இருக்கணும்ல'ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அதுக்குப் பெறவு ஒரு வருஷம் வெங்காயச் சாறு தேச்சேன். என் உம்மா என்னையும் குழம்பையும் மாத்தி மாத்தி மோந்து பாத்தா. அவ்வளவுதான் பலன்."

அக்கா சிரித்தார். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "கேஸ் முடிஞ்சது! மாப்பிள்ளைக்கு வழுக்கை. போட்டோவுல தெரியற அவ்வளவு முடியும் விக். அதை மறைக்கத்தான் இந்தக் கூத்து!"

"விக்குன்னு உறுதியாச் சொல்லுதியா?"

"குற்றாலத்துலதான இருக்கான்? மெயின் அருவியில பல் செட்டே தாங்காது. விக் தாங்குமா? நான் உள்ள போய் பாத்துட்டு வாரேன்."

"சரி, போய்ப் பாரு," என்றார் அக்கா, ரொம்ப சாதுவாக. அவர் சாதுவாகப் பேசினால் நான் உஷாராகியிருக்க வேண்டும். குற்றாலம் போகிற ஆட்டோவில் அவர் ஆய்க்குடியில் இருக்கிற சின்னம்மாவுக்குப் போன் போட்டு, மாட்டுக்கு உடம்புக்கு எப்படி இருக்கிறது, ஊசி போட்டது யார், எந்தக் கிழமை, எந்த நேரம் என்று விசாரித்துக்கொண்டே வந்தார். ஒரு கல்யாணம் கவிழக் கிடக்கிற நேரத்தில் மாட்டு விசாரணை எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

*

மெயின் அருவியில் சீசன் கூட்டம். ஆண்கள் பக்கம் துண்டும் தொப்பையுமாக ஊரே நின்றது. ஸ்ரீமதி அனுப்பிய போட்டோவை மனதில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உள்ளே போனேன். தண்ணீர் என் மண்டையில் நேரடியாக விழுந்தது. முடி இருக்கிறவர்களுக்கு அருவி சுகம். எங்களுக்கு அது தர்ம அடி.

மாப்பிள்ளை எனக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அருவி அவன் தலையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. விக் அசையவில்லை. நல்ல பசையாக இருக்கும் என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல், கால் வழுக்கியது போல ஒரு சாய்வு சாய்ந்து, அவன் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தொங்கினேன்.

"ஏ அண்ணாச்சி, பாத்து!" அவன் என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்தான். "என் தோளைப் பிடிங்க. முடியைப் பிடிச்சா ரெண்டு பேரும் போயிருவோம்."

தொங்கினதுக்கு என் கையில் ஒரு முடி கூட வரவில்லை. அத்தனையும் சொந்த முடி, ஒவ்வொன்றும் ஆணி அடித்தது மாதிரி நிற்கிறது. அவன் என்னைக் குழந்தையைப் போலக் கைபிடித்து வெளியே கொண்டு வந்து விட்டு, "மூச்சு விடுங்க, ஒன்னுமில்ல," என்று முதுகைத் தட்டிவிட்டுப் போனான். ஒரே ஆளுக்கு இவ்வளவு முடியும் இவ்வளவு நல்ல குணமும் சேர்த்துக் கொடுத்தது அநியாயம் என்று எனக்குப் பட்டது.

அருவிக்குள் எண்ணெயோடு போனால் போலீஸ் விசில் அடிக்கும். அதனால் எண்ணெய் மசாஜ் கொட்டகைகள் தள்ளி, கடைகளுக்கு அந்தப் பக்கம் இருந்தன. அங்கே ஒரு பெஞ்சில் நாச்சியார் அக்கா சூடான சிப்ஸோடு உட்கார்ந்திருந்தார். நான் நடுங்கிக்கொண்டே போய் நின்றேன்.

"அக்கா, தப்பாப் போச்சு. சொந்த முடி."

"தெரியும்லே."

"தெரிஞ்சுமா அனுப்புனீங்க?"

"நீ குளிச்சு ரெண்டு நாளாச்சு. ஆபீஸ்ல உக்கார முடியல."

நான் பதில் சொல்வதற்குள் அக்கா கண்ணாலேயே ஒரு பக்கம் காட்டினார். மசாஜ் கொட்டகை ஓரத்தில், சாரலுக்கு ஒதுங்கிய ஒரு பெரியவர் குரங்குக் குல்லாவோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். எண்ணெய்க்காரர் கிண்ணத்தோடு கிட்டே போகும்போதெல்லாம் பெரியவர் பெஞ்சில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். இனித் தள்ள பெஞ்சு இல்லை.

"ஸ்ரீமதியோட அப்பா கைலாசம். கோயிலுக்குன்னு சொல்லிட்டு மாப்பிள்ளையைத் தேடி இங்க வந்திருக்காரு. பாத்துக்கிட்டே இரு," என்றார் அக்கா.

அதற்குள் வந்துவிட்டாள் முத்துவடிவு. சாயங்காலம் வரை பொறுக்க அவளால் முடியவில்லை. மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கொட்டகைப் பக்கம் தலை துவட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, நான் சுத்தி வளைக்கத் தெரியாதவ. உங்க ரூம்ல மத்தியானம் என்ன நடக்குது?"

குற்றாலீஸ்வரன் துண்டைக் கையில் சுருட்டினான். "அத்தை, தப்பா ஒன்னும் நடக்கலை. ஆனா சொல்ல முடியாது. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு? எந்த மந்திரவாதிக்கு?"

ஸ்ரீமதி அவனையே பார்த்தாள். சொல்லேன், ஒரே ஒரு வார்த்தை சொல்லேன் என்று அவள் முகம் கெஞ்சியது. அவன் தலை குனிந்தான். பெஞ்சில் குரங்குக் குல்லா இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

"அப்ப சரி. இந்தக் கல்யாணம் நடக்காது," என்றாள் முத்துவடிவு.

ஸ்ரீமதி அழவில்லை. அழுதிருந்தால் கூட நான் தாங்கியிருப்பேன். அவள் அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு சும்மா நின்றாள்.

அப்போதுதான் நாச்சியார் அக்கா கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"அண்ணாச்சி," என்று எண்ணெய்க்காரரைக் கூப்பிட்டார். "சண்டை பெறவு நடக்கட்டும். அங்கன குல்லா போட்டிருக்காருல்லா, அவருக்கு முதல்ல உச்சியில ஒரு கை எண்ணெய் வைங்க. சனிக்கிழமை வேற."

எண்ணெய்க்காரருக்கு இதுவே போதும். ஒரு கையால் குல்லாவைக் கழற்றினார், மறு கையில் எண்ணெயை நிரப்பினார். கைலாசம் பெஞ்சை விட்டுத் துள்ளிக் குதித்தார்.

"எண்ணெய் படக் கூடாது! ஏய், தள்ளிப் போடா! மூணு மாசம் பட்ட பாடு!"

அவர் கொட்டகையைச் சுற்றி ஓடினார். பிடித்த கிராக்கியை விடக் கூடாது என்று எண்ணெய்க்காரரும் பின்னாலேயே ஓடினார். ரெண்டாவது சுற்றில் கைலாசம் நேராகப் போய் முத்துவடிவு மேல் முட்டி நின்றார்.

"என்ன பாடு?" என்றாள் முத்துவடிவு.

கைலாசம் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை, வேண்டாம் மாமா என்பது போலத் தலையை ஆட்டினான்.

"போதும் மாப்ள. எனக்காக நீங்க கெட்ட பேரு வாங்குனது போதும்," என்றார் கைலாசம். "வடிவு, மந்திரவாதி நான்தான்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சிவப்பு லைட்டு எரியற நாள்ல பைக்கு இல்லன்னா, ஆளு ஒளிச்சு வச்சான்னு ஏம்லே அர்த்தம் பண்ணணும்? ஆளே அங்கன இல்ல. புதன்கிழமை மத்தியானம் அவன் எங்க சின்னம்மா மாட்டுக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தான். மாடு பொய் சாட்சி சொல்லாது. என் விஷயம் இல்லன்னு அவனே சொல்லியும் யாரும் கேக்கல. அப்ப வேற யாருக்கோ சாவி குடுத்திருக்கான். எந்நேரமும் கோயில், எந்நேரமும் குல்லா. அதுக்கு மேல, சனிக்கிழமையும் அதுவுமா குற்றாலத்துக்கு வந்து எண்ணெயைக் கண்டு பயந்து ஓடுத ஒரு தென்காசிக்காரரை நீ பாத்திருக்கியா?"

கைலாசம் பேச ஆரம்பித்தார். நிச்சயதார்த்தத்தில் போட்டோ எடுத்தவன், 'பொண்ணோட தாத்தா கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க' என்று அவரைக் கூப்பிட்டிருக்கிறான். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுப் பின்பக்கம் போய்க் குழாயடியில் நின்றிருக்கிறார். தேடிக்கொண்டு வந்தவன் மாப்பிள்ளை மட்டும்தான். அவனே ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, தொப்பியும் வாங்கித் தந்து, தன் அறைச் சாவியையும் கொடுத்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவனிடம் இவர் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"வீட்டுலயே போட்டிருக்கலாம்ல?" என்றாள் முத்துவடிவு.

"போட்டா நீ தெரு பூரா சொல்லிச் சிரிப்ப. அன்னைக்கு எல்லாரையும் விட நீதான் வடிவு சத்தமாச் சிரிச்ச." அவர் கையால் உச்சியை மறைத்துக்கொண்டார். "கல்யாணப் போட்டோவுலயாவது என் பொண்ணுக்கு அப்பனாத் தெரியணும்னு நெனச்சேன். வேற ஒன்னுமில்ல."

முத்துவடிவு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் வாயிலிருந்து ஒன்றும் வராதது அன்றுதான் முதல் தடவை என்று பிறகு ஸ்ரீமதி சொன்னாள்.

மாப்பிள்ளைதான் முதலில் பேசினான். "மாமா, எண்ணெய்க்கு ஏன் இப்படி ஓடுதீங்க? தொப்பி போடுற நேரத்துல தலை சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான். எண்ணெய் தேச்சா கழுவிட்டுப் போட வேண்டியதுதான்."

கைலாசத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அப்ப மூணு மாசமா சனிக்கிழமை எண்ணெய்க் குளி இல்லாம, கண்ணு எரிஞ்சு, சூடு பிடிச்சுக் கெடந்தேனே, அது?"

"அது நீங்களாச் செஞ்சது மாமா."

முதலில் சிரித்தது எண்ணெய்க்காரர். பிறகு ஸ்ரீமதி. சிரித்துக்கொண்டே அவள் மாப்பிள்ளையின் கையை நறுக்கென்று கிள்ளினாள். "என்கிட்டக் கூடச் சொல்லலை, என்ன?" என்று இன்னொரு கிள்ளு வைத்தாள். அவன் ஆ என்று கத்தினான். அவ்வளவு சந்தோஷமாக வலியில் கத்திய மனிதனை நான் பார்த்ததில்லை.

முத்துவடிவு மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் தலையைத் தன் பக்கம் குனிய வைத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் பழைய முடி. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், மெலிந்த முடிகளுக்கு நடுவே, பிறந்த குழந்தைக்கு இருப்பது போலப் பூனைமுடி. பாராட்டிச் சொல்ல வேண்டுமென்றால் முளைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

"இது இன்னும் வளருமா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டாள்.

"வேர் உயிரோட இருக்குற இடத்துல கொஞ்சம் தடிக்கும் அத்தை. முழுசா வழுக்கை விழுந்த இடத்துல ஒன்னும் வராது. விடாமப் போடணும், விட்டா பழையபடி கொட்டிரும். இவ்வளவுதான் டாக்டர் சொன்னாரு."

அவள் அந்தப் பூனைமுடியை விரல் நுனியால் ஒரு தடவை தடவினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை.

"மாப்பிள்ளை, அந்தத் தொப்பியை இன்னைக்கே நம்ம வீட்டுக்குக் கொண்டாந்திருங்க. இனி என் முன்னாலயே போட்டு உக்காரட்டும். ஞானபாக்கியம் வேணும்னா எங்க வீட்டுக்கே வந்து பாத்துட்டுப் போட்டும்."

ஸ்ரீமதி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே மலையிலிருந்து மறுபடி சாரல் இறங்கத் தொடங்கியது. கைலாசம் குல்லாவைத் தேடினார். அது எண்ணெய்க்காரர் கையில், எண்ணெயில் ஊறிக் கிடந்தது.

முத்துவடிவு தன் சேலை முந்தானையை விரித்து அவர் தலையில் போட்டாள். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவர் கூச்சப்பட்டு விலகினார். அவள் விடவில்லை.

"சும்மா நில்லுங்க. இப்பத்தான முளைச்சிருக்கு," என்றாள்.